2020 நஷ்டமும் ஓக் ட்ரீ ரோடு மாடி அலுவலகமும்: ஒரு கேட்டரிங்காரனின் விமர்சனம்

நியூ ஜெர்சி ஐசலினில், ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது இந்த வரி அலுவலகம். ஒரே அறை, இரண்டு மேசை. நடத்துபவர் திருநெல்வேலிப் பக்கத்து அம்மா ஒருவர். என்ரோல்டு ஏஜென்ட், அதாவது மூன்று பகுதித் தேர்வு எழுதி, ஐஆர்எஸ் (அமெரிக்க வருமான வரித் துறை) முன்னால் நமக்காக வாதாட மத்திய அரசின் உரிமம் வாங்கியவர். பெயரைப் போடலாமா என்று கேட்டேன். "வேண்டாம் தம்பி, இருக்கிற ஆட்களுக்கே நேரம் பத்தல" என்றார். அதனால் பெயர் இல்லை. அப்படியும் எழுதுகிறேன். ஏனென்றால் அவர் எனக்குச் செய்து கொடுத்தது என்ன என்று தெரிந்தால், நீங்கள் யாரிடம் போனாலும் அதைக் கேட்டு வாங்க முடியும்.

நான் காரைக்குடிக்காரன். 2017 வரை பிஸ்கேட்டவேயில் சம்பளத்துக்கு வேலை பார்த்தேன். அப்புறம் வேலையை விட்டுவிட்டுச் செட்டிநாட்டுச் சமையல் கேட்டரிங் ஆரம்பித்தேன். கல்யாணம், சீமந்தம், எல்லாவற்றையும்விட அரங்கேற்றம். இந்த ஊரில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சனி, ஞாயிறு ஒன்றுகூட விடாமல் அரங்கேற்றம் நடக்கும் என்பது இங்கே பெண் பிள்ளை வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். அந்த மூன்று மாதந்தான் என் வருஷம். அதை நம்பி 2019 கடைசியில் சவுத் பிளெய்ன்ஃபீல்டில் ஒரு சமையல்கூடம் குத்தகைக்கு எடுத்தேன். 2020 ஜனவரியில் வாக்-இன் கூலரும் பெரிய டில்டிங் கிரைண்டரும் வாங்கிப் போட்டேன். மார்ச்சில் எல்லாம் நின்றுபோயிற்று. 27 அரங்கேற்றத்துக்கு வாங்கியிருந்த அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். வாடகை மட்டும் மாதம் 4,800 டாலர் போய்க்கொண்டே இருந்தது. வருஷக் கடைசியில் ஷெட்யூல் சி, அதாவது சொந்தத் தொழிலின் வரவு செலவுக் கணக்கில், 1,18,000 டாலர் நஷ்டம்.

அந்தச் சமயத்தில் எங்களுக்கு ரிட்டர்ன் போட்டுக்கொண்டிருந்தவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "நஷ்டம்தானே அண்ணே, வரி ஒண்ணும் கிடையாது. அவசரமில்ல, மெதுவா போட்டுக்கலாம்." நானும் சரி என்று விட்டுவிட்டேன். அந்த வருஷம் ரிட்டர்னுக்குக் கடைசி நாள் 2021 மே 17. அது போயிற்று. ஊரில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய், ஆறு வாரம் அங்கே இருந்தேன். திரும்பி வந்தபின் செப்டம்பர் 1 ராத்திரி ஐடா புயலின் மழை. எடிசனில் எங்கள் பேஸ்மென்டில் முழங்கால் அளவு தண்ணீர். ரசீதுகள் இருந்த பொன்னி அரிசிப் பைகள் ஊறிப்போய்விட்டன. அதைப் பார்த்ததும் எனக்கு மனசே விட்டுப்போயிற்று. 2020, 2021, 2022, மூன்று வருஷ ரிட்டர்னும் போடவில்லை.

2022இல் தொழில் மறுபடி நிமிர்ந்தது. 64,000 டாலர் லாபம். 2024 ஜனவரியில் ஐஆர்எஸ்ஸிடமிருந்து சிபி59 என்ற நோட்டீஸ் வந்தது: 2022 ரிட்டர்ன் எங்களிடம் வரவில்லை. என் மனைவி அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, "இனிமேலும் தள்ளிப்போட வேண்டாங்க" என்று மட்டும் சொன்னாள்.

முதலில் வேறொரு அலுவலகத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். அங்கே இருந்தவர் பதினைந்து நிமிஷத்தில் வழி சொல்லிவிட்டார். 2020 ரிட்டர்னை இப்போது போடுவோம், அந்த நஷ்டத்தை நேரே 2022க்கும் 2023க்கும் கொண்டுவந்து லாபத்தில் கழிப்போம், வரி பாதிக்கு மேல் குறைந்துவிடும். கேட்க நன்றாக இருந்தது. 1,900 டாலர் கேட்டார். காசோலை எழுதப் போகிற நேரத்தில், நாட்டியப் பள்ளி நடத்துகிற ஒரு அக்கா, "ஓக் ட்ரீ ரோட்டு அம்மாகிட்ட ஒரு தடவை காட்டிட்டு எழுதுங்க" என்றார். 2024 பிப்ரவரி 16, வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாடிப்படி ஏறினேன்.

அந்த அம்மா முதலில் கேட்டது நஷ்டம் எவ்வளவு என்று அல்ல. "எந்த வருஷத்து நஷ்டம்?" 2020 என்றேன். "எக்ஸ்டென்ஷன் போட்டிருந்தீங்களா?" ரிட்டர்ன் போடக் கூடுதல் அவகாசம் கேட்கிற விண்ணப்பம் அது. இல்லை என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தார். ஏப்ரல் தாளைத் தூக்கி, 15ஆம் தேதியில் விரலை வைத்தார். பிறகு எண்ண ஆரம்பித்தார். "ஐம்பத்தொன்பது நாள் இருக்கு. உக்காருங்க."

அடுத்த ஒரு மணி நேரத்தில் அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். நான் கொடுத்த காசுக்குக் கிடைத்த மிகப் பெரிய பொருள் இதுதான்.

தொழிலில் வந்த நஷ்டம் அந்த வருஷத்து மற்ற வருமானத்தையும் தின்றுவிட்டு மிச்சம் நின்றால், அதற்கு நெட் ஆபரேட்டிங் லாஸ் என்று பெயர். 2018 முதல் வருகிற நஷ்டத்தை முன்னே மட்டும்தான் கொண்டுபோகலாம், பின்னே போக முடியாது என்று 2017 வரிச் சட்டம் மாற்றியது. கோவிட் வந்ததும், 2020 மார்ச் 27 கேர்ஸ் சட்டம் அதை மூன்று வருஷத்துக்கு மட்டும் திருப்பிப் போட்டது. 2018, 2019, 2020 நஷ்டங்கள் முதலில் ஐந்து வருஷம் பின்னால் போக வேண்டும். அதாவது என் 2020 நஷ்டம் 2015க்குப் போய், அங்கே தீராவிட்டால் 2016, அப்புறம் 2017 என்று வரிசையாக வர வேண்டும். அந்த வருஷங்களில் கட்டிய வரி திரும்ப வரும்.

பின்னே போக வேண்டாம், முன்னேதான் வேண்டும் என்றால் விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதித் தரலாம். ஆனால் எப்போது? இங்கேதான் என் தாமதம் வந்து நின்றது. அந்த அம்மா திரையில் வரிச் சட்டத்தின் 172ஆம் பிரிவைத் திறந்து, ஒரு வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். நஷ்ட வருஷத்து ரிட்டர்னுக்கான கெடுவுக்குள், எக்ஸ்டென்ஷன் இருந்தால் அதையும் சேர்த்து, அந்த விருப்பத்தைச் சொல்லிவிட வேண்டும். கெடு தாண்டிப் போட்ட ரிட்டர்னில் அதைச் சொல்ல முடியாது. ஆக என் நஷ்டம் 2015க்குப் போயே தீரும். நான் கேட்டாலும் கேட்காவிட்டாலும், 2015லும் 2016லும் அது தீர்ந்துவிட்டதாகவே கணக்கு. முதல் அலுவலகத்தில் சொன்னபடி 2022இல் கொண்டுபோய் வைத்திருந்தால், அது இல்லாத நஷ்டம். ஒரு நாள் திருப்பி அனுப்பியிருப்பார்கள், வட்டியோடும் அபராதத்தோடும்.

சரி, 2015 வரியைத் திரும்பக் கேட்பதற்கு எது வரை நேரம்? சாதாரணமாக 2015 எப்போதோ மூடிப்போன வருஷம். ஆனால் நஷ்டத்தைப் பின்னே கொண்டுபோய்க் கேட்கிற பணத்துக்கு 6511ஆம் பிரிவில் தனிக் கணக்கு இருக்கிறது: நஷ்ட வருஷத்து ரிட்டர்னுக்குரிய கெடுவிலிருந்து மூன்று வருஷம். "2021இல் கடைசித் தேதியை மே 17க்குத் தள்ளி வச்சாங்க. அதை நம்பி மே வரைக்கும் இருக்கலாம்னு யாராவது சொல்லுவாங்க. நான் அப்படி விளையாட மாட்டேன். நமக்கு ஏப்ரல் 15தான்" என்றார். சந்தேகம் உள்ள இடத்தில் குறுகிய தேதியை எடுத்துக்கொள்வது. இந்த ஒரு குணத்துக்காகவே நான் அவரிடம் போவேன்.

2021 மே மாதம் எக்ஸ்டென்ஷன் கேட்கிற 4868 படிவம் ஒன்றே ஒன்று போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் சொன்னார். அக்டோபர் 15 வரை கெடு நீண்டிருக்கும். ஐடா வெள்ளத்துக்காக எங்கள் மிடில்செக்ஸ் கவுண்டிக்கு ஐஆர்எஸ் கொடுத்த அவகாசமும் அதன்மேல் சேர்ந்து 2022 ஜனவரி 3 வரை போயிருக்கும். எக்ஸ்டென்ஷனே போடாதவனுக்கு அது எதுவும் கிடையாது. இதைக் கேட்டபோது வயிறு எரிந்தது. ஐந்து நிமிஷ வேலை அது.

அப்புறம் வீட்டு வேலை கொடுத்தார். 2015, 2016 ரிட்டர்ன்களின் முழு நகல் வேண்டும். ஐஆர்எஸ்ஸிடம் படிவம் 2848 மூலம் அதிகாரம் பெற்று அவரே டிரான்ஸ்கிரிப்டுகள், அதாவது ஐஆர்எஸ் பதிவுகளின் சுருக்கங்கள், எடுத்தார். ஆனால் அவ்வளவு பழைய வருஷத்துக்கு ரிட்டர்ன் டிரான்ஸ்கிரிப்ட் கிடைக்காது, கட்டிய வரி விவரம் மட்டும்தான் வரும். முழு நகலை எங்கே தேடுவது? என் மனைவி மாடி அலமாரியிலிருந்து ஒரு பழைய சூட்கேஸை இறக்கினாள். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை, எங்கள் கல்யாணப் பத்திரிகை, அதன் அடியில் வருஷவாரியாக ரப்பர் பேண்ட் போட்ட ரிட்டர்ன்கள். பேஸ்மென்டில் வைக்காமல் மாடியில் வைத்தது அவள் யோசனை. அந்த அம்மா சூட்கேஸைப் பார்த்துவிட்டு என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

2020 செலவுக் கணக்குதான் கஷ்டம். அரிசிப் பையில் ஊறிக் காய்ந்த ரசீதுகள் ஒன்றோடொன்று ஒட்டி அப்பளக்கட்டு மாதிரி இருந்தன. சூடு பட்டு அச்சாகிற ரசீதுகளில் எழுத்தே இல்லை. "ரசீது போனா போகட்டும், பேங்க் கணக்கு எங்கேயும் போகாதே" என்றார். 12 மாத வங்கி அறிக்கை, கிரெடிட் கார்டு அறிக்கை, குத்தகைப் பத்திரம், அட்வான்ஸ் திருப்பிக் கொடுத்த காசோலைகளின் நகல். கூலர் விற்ற கடைக்காரரிடம் பில்லின் நகலை மின்னஞ்சலில் வாங்கினேன். ஆதாரம் இல்லாத 3,200 டாலரை அவர் எடுத்துப் போட்டுவிட்டார், நான் எவ்வளவு சொல்லியும் சேர்க்கவில்லை. நான் மேலே சொன்ன 1,18,000 அந்தக் கழிவுக்குப் பின் நின்ற தொகை. வாங்கிய பொருளின் விலையை அந்த வருஷமே செலவாகக் கழிக்க இரண்டு வழி உண்டு. கூலரையும் கிரைண்டரையும் செக்‌ஷன் 179இல் காட்டினால் வருமானம் இருக்கிற அளவுக்குத்தான் கழிக்க முடியும், போனஸ் டிப்ரிசியேஷனில் காட்டினால் நஷ்டத்தைக் கூட்டலாம் என்பதையும் அவர்தான் கவனித்தார்.

ரிட்டர்னின் கடைசியில் தெரிகிற மைனஸ் தொகைதான் நெட் ஆபரேட்டிங் லாஸ் என்று நான் நினைத்திருந்தேன். அது 1,20,500 காட்டியது. அப்படி இல்லை. செலவு எதுவும் காட்டாமலே கிடைக்கிற 24,800 ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் தொழில் செலவு இல்லை, அதனால் அது நஷ்டத்தைக் கூட்டாது. வங்கி வட்டியாக வந்த 300 டாலரை மட்டும் அது மறைக்கும். என் மனைவி பள்ளிக்கூடத்தில் உதவியாளராக வாங்கிய 22,000 சம்பளமும் தொழில் வருமானமாகவே எண்ணப்பட்டு நஷ்டத்தைக் குறைக்கும். கடைசியில் நின்றது 96,000.

இந்த 96,000, 2015க்குப் போனது. அந்த வருஷம் என் சம்பளம் 92,000. அதில் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் 12,600ஐக் கழித்தால் 79,400. எங்கள் நாலு பேருக்கான எக்ஸெம்ப்ஷன், அதாவது ஆளுக்கு இவ்வளவு என்று கிடைத்த கழிவு, 16,000ஐயும் கழித்து 63,400க்குத்தான் நாங்கள் வரி கட்டியிருந்தோம். ஆனால் நஷ்டம் எவ்வளவு கரைந்தது என்று பார்க்கும்போது எக்ஸெம்ப்ஷனைக் கழிக்கக் கூடாதாம். அதனால் 63,400க்கான வரியைத் துடைக்க 79,400 நஷ்டம் செலவாகிவிட்டது. 16,000 டாலர் நஷ்டம் ஒன்றுக்கும் உதவாமல் போயிற்று. அந்த இடத்தை அவர் காட்டியபோது நான் மூன்று தடவை திருப்பிக் கேட்டேன். மூன்று தடவையும் முகம் சுளிக்காமல் தாளில் போட்டுக் காட்டினார். மிச்சம் 16,600. அது 2016க்குப் போய் முழுசாகத் தீர்ந்தது. 15 சதவீதத்தில் 2,490 டாலர் அந்த வருஷத்துக்கு மட்டும். இரண்டு வருஷமும் சேர்ந்து திரும்பி வர வேண்டியது 9,000 டாலருக்கு மேல்.

எங்கள் விஷயத்தில், பின்னே போனதால் விகிதத்தில் நஷ்டமில்லை. 2015, 2016இல் 15 சதவீதம் கட்டியிருந்தோம். 2022இல் நாங்கள் இருந்தது 12 சதவீதப் படியில். சொந்தத் தொழிலுக்கான செல்ஃப் எம்ப்ளாய்மென்ட் வரியை இந்த நஷ்டம் எப்படியும் குறைக்காது. ஆனால் ஏப்ரல் 15 தாண்டி அவருடைய மாடிப்படி ஏறியிருந்தால், நஷ்டம் 2015லேயே கரைந்துவிட்டதாகவும் இருக்கும், பணமும் வராது. அதை நினைத்தால் இப்போதும் தூக்கம் வராது.

பின்னே கொண்டுபோகிற பணத்தைச் சீக்கிரம் வாங்க 1045 என்று ஒரு படிவம் இருக்கிறது, 90 நாளில் பார்த்துவிடுவார்கள். அதை நஷ்ட வருஷம் முடிந்து ஒரு வருஷத்துக்குள் போட வேண்டும். எனக்கு அது 2021 டிசம்பரோடு முடிந்தது. ஆகவே ஒவ்வொரு வருஷத்துக்கும் தனித்தனியாக 1040-எக்ஸ் என்கிற திருத்த ரிட்டர்ன். 2020 ரிட்டர்ன், 2015, 2016 திருத்தங்கள், மூன்றும் பழைய வருஷம் என்பதால் மின்னணு முறையில் போகாது, காகிதந்தான். மார்ச் 8ஆம் தேதி 2020 ரிட்டர்ன் போயிற்று. மார்ச் 22ஆம் தேதி 2015க்கு ஒரு உறை, 2016க்கு ஒரு உறை. இரண்டையும் ஒரே உறையில் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். ஒவ்வொன்றிலும் நஷ்டத்தைக் கணக்கிட்ட தாள்கள், 2020 ரிட்டர்னின் நகல், ஒரு பக்க விளக்கக் கடிதம்.

தபால் நிலையத்துக்கு அவரே கூட வந்தார். சர்டிஃபைடு மெயில், கூடவே கையெழுத்தாகித் திரும்பி வருகிற பச்சை அட்டை. கவுன்டரில் ரசீதில் விழுந்த முத்திரையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தேதி லேசாக விழுந்திருந்தது. "இன்னொரு தடவை அழுத்திக் குத்துங்க, ப்ளீஸ்" என்று கேட்டு வாங்கினார். கெடுவுக்குள் தபாலில் சேர்த்தோம் என்பதற்கு அந்த முத்திரைதான் சாட்சி. அந்த ரசீதை எனக்குக் கொடுத்துவிட்டு, அதன் நகலைத் தன் கோப்பில் வைத்தார்.

2021 ரிட்டர்ன் எளிது, எங்களுக்கே கொஞ்சம் பணம் வர வேண்டியிருந்தது. 2022இல் சுமார் 9,300 டாலர் கட்ட வேண்டியிருந்தது. தாமத அபராதம் மாதத்துக்கு 5 சதவீதம், அதிகபட்சம் 25 சதவீதம். அது இரண்டாயிரத்துக்கு மேல். முந்தைய மூன்று வருஷங்களில் அபராதமே இல்லை என்பதால் முதல் தடவைக்கான தள்ளுபடியைக் கேட்டார், கிடைத்தது. காலாண்டு முன்வரி கட்டாததற்கான அபராதம் மட்டும் இந்தத் தள்ளுபடியில் வராது, அதைக் கட்டினோம். பிறகு 2015க்கு வர வேண்டிய பணத்தில் 2022 பாக்கியைக் கழித்துக்கொண்டதாக சிபி49 நோட்டீஸ் வந்தது. மிச்சம் காசோலையாக வந்தது.

இனி குறைகள். மார்ச், ஏப்ரலில் மதியம் ஒரு மணியிலிருந்து ஐந்து மணி வரை போனை எடுக்கவே மாட்டார். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் திறக்க மாட்டார். அவருடைய இணையப் பெட்டகத்தில்தான் ஏற்ற வேண்டும், அது என் போனில் பாதி நேரம் வேலை செய்யாது. பாதிக் கட்டணம் முன்பணம். முதல் ஆலோசனைக்கு 150, மொத்தம் 2,900 டாலர் ஆயிற்று, முதல் அலுவலகத்தைவிட ஆயிரம் அதிகம். ஆறு ரிட்டர்ன்கள், தபால் நிலையம், நோட்டீஸ் பதில்கள் எல்லாம் சேர்த்து என்பதால் எனக்கு அது கூடுதலாகத் தெரியவில்லை. ஒன்றே ஒன்றில் எனக்கு மனக்குறை உண்டு. நியூ ஜெர்சி மாநில வருமான வரியில் இந்த மத்திய அரசு நஷ்டம் அப்படியே செல்லாது, பின்னே போய்ப் பணம் கேட்க முடியாது என்பதை அவர் நாலாவது சந்திப்பில்தான் சொன்னார். அதுவரை நான் அதையும் எதிர்பார்த்து, வீட்டில் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். மாநில ரிட்டர்ன்களுக்கான கட்டணமும் தனி. முதல் நாளே சொல்லியிருக்கலாம். அவரிடமே சொன்னேன், "ஆமா, என் தப்புதான்" என்று ஒப்புக்கொண்டார்.

பார்க்கிங் கட்டடத்துக்குப் பின்னால். சனிக்கிழமை போகாதீர்கள்; ஓக் ட்ரீ ரோட்டில் அன்று வண்டியை நிறுத்த இடம் தேடியே அரை மணி போகும்.

இதை எழுதுவதற்கு இன்னொரு காரணம், கேட்டரிங் செய்கிற, நாட்டியப் பள்ளி நடத்துகிற, புருவம் திருத்தும் கடை வைத்திருக்கிற நம்மவர்களில் எத்தனையோ பேர் "நஷ்டம்தானே" என்று ரிட்டர்ன் போடாமல் இருப்பது. அந்த அம்மாவிடம் இதையும் கேட்டேன். 2018 முதல் 2020 வரையிலான நஷ்டங்களைப் பின்னே கொண்டுபோய்ப் பணம் கேட்கிற கதவு இப்போது மூடிவிட்டது. 2021 முதல் வந்த நஷ்டம் சாதாரணத் தொழில்களுக்கு முன்னே மட்டும்தான் போகும். கால வரம்பு இல்லை, ஆனால் ஒரு வருஷத்தில் வரிக்குரிய வருமானத்தின் 80 சதவீதம் வரைதான் கழிக்கலாம். ரிட்டர்ன் தாமதமானதால் அந்த நஷ்டம் செத்துப்போகாது. இது பலருக்குத் தெரியவில்லை, போச்சு என்று விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் வரிசையை நாம் மாற்ற முடியாது. 2021 நஷ்டம் 2022 லாபத்தில்தான் முதலில் கரையும். 2022 ரிட்டர்னில் அதைக் காட்டாமல் விட்டுவிட்டு, 2024இல் லாபம் அதிகம், அங்கே வைத்துக்கொள்கிறேன் என்றால் நடக்காது. 2022இல் கரைந்ததாகவே எண்ணுவார்கள். அந்த வருஷத்தைத் திருத்திப் பணம் கேட்கிற மூன்று வருஷம் முடிந்திருந்தால் அந்தப் பங்கு போனதுதான். அதனால் எந்த வருஷத்து நஷ்டம், அடுத்தடுத்த வருஷங்களில் என்ன வருமானம், ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் மூடுகிறது என்று ஒரு தாளில் எழுதிக் கேளுங்கள். நீங்கள் போகிற ஆள் முதலில் தேதியைக் கேட்கிறாரா என்று பாருங்கள். 2024 வரி ஆண்டிலிருந்து இந்தக் கணக்குக்கென்றே 172 என்று தனிப் படிவம் வந்திருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டால் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

எனக்கு நஷ்டம் முழுவதும் தீர்ந்துவிட்டது, ஆனாலும் அந்த வருஷத்துத் தாள்களைத் தூக்கிப் போடவில்லை. இரண்டு பச்சை அட்டையும், முத்திரை இரண்டு தடவை விழுந்த அந்த ரசீதும், இப்போது மாடி அலமாரியில் என் மனைவியின் சூட்கேஸில், கல்யாணப் பத்திரிகைக்கு அடியில் இருக்கின்றன. இந்த வருஷ ரிட்டர்னை மார்ச் 3ஆம் தேதியே போட்டுவிட்டேன். ஜூன் முதல் வாரம் எடிசனில் ஒரு அரங்கேற்றம், 350 இலை. அந்த அம்மாவின் பேத்தியுடையது.